பத்து லட்சத்துக்கு பழைய ஃபார்ச்சூனர்: யானை மலிவாகக் கிடைக்கும்... தீனிக் கணக்கு தெரியுமா?

ஈரோடு, பெருந்துறை, கோபி, திருப்பூர்... கொங்கு பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்து பார்க்கிங்கை எட்டிப் பார்த்தாலும் வரிசையாக நிற்பது பெரிய வண்டிகள்தான். வெள்ளை ஃபார்ச்சூனர், கறுப்பு எண்டெவர், நடுவில் இரண்டு ஸ்கார்பியோ. வண்டியை வைத்து ஆளை எடைபோடுவது இங்கே பழகிப்போன விஷயம். மஞ்சள் மண்டி வைத்திருப்பவரும், தறி ஓட்டுபவரும், கோவை ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவரும் ஒரு முறையாவது ஆசைப்பட்டிருப்பார்கள்.

புதுசு வாங்க வேண்டுமென்றால் ஆன்ரோடு விலை 40 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய அதே வண்டி, புது ஹேட்ச்பேக் விலைக்கு வாசலில் வந்து நிற்கிறது. "புது ஸ்விஃப்ட் வாங்குற காசுக்கு ஃபார்ச்சூனரே வருதுங்க, எதுக்கு யோசிக்கறீங்க?" என்பது புரோக்கர்கள் சொல்லும் முதல் வசனம்.

யோசிக்க வேண்டிய இடமே அதுதான். வண்டியின் விலை வருஷத்துக்கு வருஷம் குறையும். அதன் பார்ட்ஸ் விலை குறையாது. 9 லட்சத்துக்கு வாங்கினாலும் அதற்குள் இருப்பது 40 லட்சம் ரூபாய் வண்டியின் டயர், நாசில், கியர்பாக்ஸ். கடைக்காரர் பில் போடும்போது வண்டியை எவ்வளவுக்கு வாங்கினோம் என்று கேட்க மாட்டார்.

ஏன் இவ்வளவு செலவு?

காரணம் எளிது: எடை, அளவு, டீசல் தொழில்நுட்பம்.

ஸ்விஃப்ட் மாதிரி ஒரு சின்ன கார் ஒரு டன்னுக்கும் குறைவு. ஃபார்ச்சூனர் இரண்டு டன்னைத் தொடும். எண்டெவர் 3.2 லிட்டர் ஃபோர்வீல் டிரைவ் அதையும் தாண்டும். இந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் தாங்குவது சஸ்பென்ஷன் புஷ்களும் பால் ஜாயின்ட்களும். ஒவ்வொரு முறையும் நிறுத்துவது பிரேக் பேட்கள். அதனால் இவை சின்ன காரைவிடச் சீக்கிரம் தேயும், மாற்றும்போது விலையும் கூடும்.

சாதாரண ஆயில் சர்வீஸையே எடுத்துக்கொள்ளலாம். சின்ன பெட்ரோல் காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் இன்ஜின் ஆயில் போதும். பழைய 3.0 லிட்டர் ஃபார்ச்சூனருக்குச் சுமார் 7 லிட்டர் வேண்டும். ஐந்து சிலிண்டர் கொண்ட எண்டெவர் 3.2-க்கு 10 லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. வண்டி ஒழுங்காக இருக்கும்போதே செலவு இரண்டு, மூன்று மடங்கு. ரிப்பேர் என்று வந்தால் சொல்லவே வேண்டாம்.

எந்தெந்த வண்டிகள் மார்க்கெட்டில் சுற்றுகின்றன?

டொயோட்டா ஃபார்ச்சூனர் இந்தியாவுக்கு வந்தது 2009-ல். அப்போது 3.0 லிட்டர் டீசல் இன்ஜின். 2012-ல் 2.5 லிட்டரும் சேர்ந்தது. 2016 நவம்பரில் இரண்டாம் தலைமுறை வந்தபோது டீசல் 2.8 லிட்டராக மாறியது. பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் முதல் தலைமுறை வண்டிகள்.

அடுத்தது ஃபோர்டு எண்டெவர். 2003-ல் அறிமுகமாகி, 2016-ல் புது வடிவம் எடுத்து, 2.2 மற்றும் 3.2 லிட்டர் டீசல் இன்ஜின்களோடு வந்தது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரானது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9-ம் தேதி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும், இதன் செகண்ட் ஹேண்ட் விலை வேறு ஒரு பாதையில் போக ஆரம்பித்தது.

இவை தவிர மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட், ஷெவர்லே டிரெயில்பிளேசர், ரெக்ஸ்டன் மாதிரி வண்டிகளும் அங்கங்கே விற்பனைக்கு வரும். விலை இன்னும் மலிவாக இருக்கும். ஏன் மலிவு என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்க்கலாம்.

அடிக்கடி வரும் பிரச்சினைகள் என்னென்ன?

*நாசில், டீசல் பம்ப்:* பழைய டீசல் எஸ்யூவியில் பெரிய செலவு தொடங்கும் இடம் இது. ஃபார்ச்சூனர் 3.0 இன்ஜினில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பலவீனம் உண்டு. நாசிலுக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் தேய்ந்தால், எரிந்த புகை கசிந்து இன்ஜின் ஆயிலுக்குள் கலக்கும். கரி சேர்ந்து ஆயில் கெட்டியாகி, இன்ஜினுக்கு அடியில் சம்ப்பில் இருக்கும் ஆயில் உறிஞ்சும் வலை அடைத்துக்கொள்ளும். ஆயில் மேலே ஏறாவிட்டால் முழு இன்ஜினும் போய்விடும். சில நூறு ரூபாய் வாஷரை நேரத்துக்கு மாற்றாததால் லட்சக்கணக்கில் செலவு வைக்கும் கோளாறு இது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் துடிப்பது, 'டக்டக்' சத்தம், வெள்ளைப் புகை ஆகியவை நாசில் கோளாறின் அறிகுறிகள். அதனால்தான் வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறிப்போய் இருக்க வேண்டும். "இப்பத்தான் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தினேங்க" என்று விற்பவர் சொன்னால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது.

புது நாசில் ஒன்று 25,000 ரூபாயைத் தாண்டுவது சகஜம். ஃபார்ச்சூனருக்கு நான்கு, எண்டெவர் 3.2-க்கு ஐந்து. ரீகண்டிஷன் செய்தால் செலவு பாதிக்கும் கீழே வரும். ஆனால் யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது ஆயுள்.

*டைமிங் பெல்ட்:* முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் டீசலில் இருப்பது செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு முதல் மாதமே மாற்றிவிட வேண்டும்.

*டர்போ, ஈஜிஆர்:* டர்போவின் உள்ளே ஆயில் சீல் போனால் நீலப் புகை வரும், ஏற்றத்தில் இழுவை குறையும். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்து அடைத்துக்கொள்வதும் வழக்கம். தினமும் பன்னீர்செல்வம் பார்க் டிராஃபிக்கில் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இது சீக்கிரம் வரும். டீசல் எஸ்யூவி நீண்ட தூரம் ஓடத்தான் லாயக்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் உண்டு. நகரத்துக்குள்ளேயே சுற்றினால் அதுவும் அடைக்கும்.

*கிளட்ச், கியர்பாக்ஸ்:* மேனுவல் வண்டியில் கிளட்ச் பிளேட்டோடு ஃபிளைவீலும் போயிருந்தால் செலவு அரை லட்சத்தைத் தாண்டலாம். ஆட்டோமேட்டிக்கில் "கியர் ஆயில் லைஃப்டைமுங்க, மாத்தவே வேண்டாம்" என்ற பேச்சை நம்பக் கூடாது. பல வருஷம் மாற்றாமல் ஓட்டினால் கியர் விழும்போது வண்டி உதறும், தாமதமாக விழும். கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்க்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

*சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், டயர்:* ஸ்பீட் பிரேக்கரில் 'கடக்' சத்தம், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பது, டயர் ஓரம் மட்டும் தேய்வது. இவற்றில் எது இருந்தாலும் புஷ், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் மூன்றையும் பார்க்க வேண்டும். 17, 18 இஞ்ச் டயர் ஒன்று 12,000-ல் தொடங்கி 20,000 ரூபாய் வரை போகும். நான்கு டயரும் மொட்டையாக இருக்கும் வண்டி என்றால் விலையில் 60,000 ரூபாய் குறைத்துப் பேச வேண்டும்.

*ஏசி:* ஈரோட்டு வெயிலுக்கு இது ஆடம்பரம் இல்லை. மூன்று வரிசை வண்டியில் முன்னால் ஒரு கூலிங் காயில், பின்னால் ஒன்று. பின் வரிசை ஏசியைப் பலரும் போட்டுப் பார்ப்பதே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு, கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சரியான டெஸ்ட்.

திம்பம் மலைப்பாதை சொல்லும் பாடம்

கிலோமீட்டர் மீட்டரைக் குறைத்துவிடலாம். பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கலாம். பிரேக்கையும் கூலிங்கையும் மலையில் ஏமாற்ற முடியாது.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ரேடியேட்டர், டர்போ, கிளட்ச் மூன்றின் நிலையும் தெரிந்துவிடும். இறங்கும்போது பிரேக் தெரியும். ஏழு பேர், லக்கேஜ் எல்லாம் சேர்த்து இரண்டரை டன் எடை கீழே இறங்கும்போது, தேய்ந்த பேடும் பல வருஷம் மாற்றாத பிரேக் ஆயிலும் சூடாகிக் கைவிட்டால் என்ன ஆகும்? "பெரிய வண்டி, சேஃப்டி" என்ற நம்பிக்கைக்கு இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. பராமரித்த பெரிய வண்டிதான் பாதுகாப்பு. பராமரிக்காத பெரிய வண்டி உள்ளே இருப்பவர்களுக்கும், எதிரே டூவீலரில் வருபவர்களுக்கும் ஆபத்து.

செலவைத் தள்ளிப்போடுகிறவர்கள் முதலில் தள்ளிப்போடுவது டயரையும் பிரேக்கையும்தான். வண்டி ஓடுகிறதே என்பதுதான் காரணம். இந்தக் கட்டுரை சொல்லவருவது பணக் கணக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்பெனி கிளம்பிப்போன வண்டி வாங்கலாமா?

மலிவு விலையின் ரகசியம் இதுதான். ஷெவர்லே பிராண்டை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு இந்திய விற்பனையை நிறுத்தியது. மிட்சுபிஷி வண்டிகள் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரானவை. இன்று புது மிட்சுபிஷி கார் இங்கே விற்பனையில் இல்லை. ஃபோர்டு கார் விற்பனையை நிறுத்தினாலும் சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்று அறிவித்தது. மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் விருப்பக் கடிதமும் கொடுத்தது. ஆனால் ஏற்றுமதிக்கான ஆலை என்பதும், இங்கே மீண்டும் எண்டெவர் விற்பது என்பதும் ஒன்றல்ல.

ஃபில்டர், பேட், பெல்ட் மாதிரி தினசரிப் பொருட்கள் இந்த வண்டிகளுக்கும் கிடைக்கும். சிக்கல் வருவது ஹெட்லைட், பம்பர், கண்ணாடி, ஏபிஎஸ் மாட்யூல், கம்ப்யூட்டர் போர்டு என்று வரும்போதுதான். ஒரு பார்ட்டுக்காக வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கலாம். அப்போது சென்னை புதுப்பேட்டை வரை ஆள் அனுப்பி, உடைத்த வண்டியின் பார்ட்ஸ் தேட வேண்டியிருக்கும். வீட்டில் வேறு வண்டி இருந்தால் சமாளிக்கலாம். அதுவே ஒரே வண்டி என்றால் கஷ்டம்.

கொங்கு மெக்கானிக் இருக்கும்போது என்ன பயம்?

இதுதான் வாங்கச் சொல்பவர்களின் பலமான வாதம். அதில் உண்மையும் இருக்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரித் தொழில். டீசல் இன்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் கைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. ஷோரூமில் "மொத்தமா மாத்தணும்" என்று சொல்லும் பாகத்தை, வெளியில் பிரித்துச் சரிசெய்து பாதி செலவில் முடித்துவிடுவார்கள்.

ஆனாலும் லாரி அனுபவம் எல்லாவற்றுக்கும் போதாது. எண்டெவரின் 2.2, 3.2 இன்ஜின்கள் இதற்கு நல்ல உதாரணம். ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை வடியவிட்டு நீண்ட நேரம் அப்படியே விட்டால், ஆயில் பம்ப் காற்று பிடித்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயிலை இழுக்காமல் போகலாம். "நல்லா வடியட்டும்" என்று இரவு முழுக்க விடுவது லாரிக்கு நல்ல பழக்கம். இந்த இன்ஜினுக்கு அதுவே எமன். அதனால் அந்த மாடலையே தொடர்ந்து பார்க்கும், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கண்டுபிடித்த பிறகுதான் வண்டி தேடவே ஆரம்பிக்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் மெக்கானிக், அப்புறம் வண்டி.

முதல் வருஷக் கணக்கு: ஒரு மாதிரி

2012 மாடல் ஃபார்ச்சூனர் ஒன்று 9 லட்சத்துக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளி மெக்கானிக்கிடம் செய்யும் வேலைக்கு ஒரு தோராயக் கணக்கு இது. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

பெயர் மாற்றம், இன்சூரன்ஸ்: 30,000 ரூபாய்
எல்லா ஆயில்கள், ஃபில்டர், கூலன்ட் சேர்த்து முழு சர்வீஸ்: 30,000
டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப்: 25,000
நான்கு டயர்: 60,000
சஸ்பென்ஷன் வேலை: 50,000
பிரேக் வேலை: 20,000
நாசில் டெஸ்ட், வாஷர் மாற்றுவது: 20,000
பேட்டரி, ஏசி வேலை: 25,000

மொத்தம் 2,60,000 ரூபாய். வாங்கிய விலையில் கிட்டத்தட்ட 30 சதவீதம். கவனிக்க வேண்டியது, இதில் எதுவுமே 'ரிப்பேர்' இல்லை. வயதான வண்டியை நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரும் செலவு மட்டும்தான். நான்கு நாசிலும் புதுசாகப் போட வேண்டும் என்றால் இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் சேரும்.

இதில் சின்ன ஆறுதல் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன பார்ட்ஸுக்கும் ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம். அதற்கு முன் பல பார்ட்ஸுக்கு 28 சதவீதம் இருந்தது. அதே நாளில் பெரிய எஸ்யூவிகளின் மொத்த வரி 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்ததால், புது ஃபார்ச்சூனர் விலை அதிகபட்சம் 3.49 லட்சம் ரூபாய் இறங்கியது. புதுசு இறங்கினால் பழசும் இறங்க வேண்டும். பேரம் பேசும்போது இதை நினைவுபடுத்தலாம்.

டீசல் கணக்கு தனி. லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 9,300 ரூபாய். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சின்ன பெட்ரோல் காருக்கு, பெட்ரோல் 101 ரூபாய் என்றால், 5,600 ரூபாய் ஆகும்.

இன்சூரன்ஸ் இருக்கே... அது பார்த்துக்காதா?

பார்த்துக்காது. நாசில் போவது, கியர்பாக்ஸ் போவது எல்லாம் தேய்மானக் கோளாறு. சாதாரண மோட்டார் பாலிசி விபத்துக்குத்தான் பணம் தரும்.

விபத்திலும் முழுப் பணம் வராது. ஜீரோ டிப்ரிசியேஷன் எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். வண்டிக்கு 10 வயது தாண்டிவிட்டால் உலோக பாகங்களுக்கும் 50 சதவீதம் கழிவு. அதாவது பம்பரும் கதவும் போனால், பார்ட்ஸ் விலையில் பாதி கையிலிருந்து கொடுக்க வேண்டும். வயதான வண்டிக்கு ஜீரோ டிப்ரிசியேஷன் தரப் பல கம்பெனிகள் தயங்கும். 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்குக் கட்டாய மூன்றாம் நபர் பிரீமியமே வருஷத்துக்கு 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

பேப்பர் பார்க்காமல் பணம் கொடுத்தால்?

இன்ஜினைப் பார்க்கிற கண், ஆர்சி புக்கையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, 15 வருஷக் கணக்கு. ஆர்சி 15 வருஷத்துக்குத்தான் செல்லும். 2011-ல் பதிவான ஃபார்ச்சூனருக்கு 2026-ல் கெடு முடிகிறது. அதன் பிறகு எஃப்சி காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு இந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000. பசுமை வரி தனி. 14 வயது வண்டியை "பேப்பர் கரெண்ட்ல இருக்குங்க" என்று விற்றால், இன்னும் எத்தனை மாதம் கரெண்ட் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, டெல்லி வண்டி. தலைநகர் பகுதியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் அங்கே மதிப்பிழந்த பெரிய டீசல் வண்டிகள் தெற்கே வருகின்றன. விலை ஒன்றிரண்டு லட்சம் குறைவாகத் தெரியும். ஆனால் வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். என்ஓசி வாங்கி, வண்டியின் அசல் விலையையும் வயதையும் பார்த்துக் கணக்கிடும் வரியைக் கட்டினால்தான் டிஎன் 33 நம்பர் கிடைக்கும். அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்த்தால் லாபம் கரைந்துவிடும்.

மூன்றாவது, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சுத்தம் செய்து வேறு ஊரில் விற்பது நடக்கிற கதைதான். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். கார்பெட்டுக்கு அடியில் துரு, டேஷ்போர்டுக்குள் ஈர வாடை, மாறி மாறி எரியும் வார்னிங் லைட்டுகள் எல்லாம் சாட்சி சொல்லும். சென்னைப் பதிவு எண் என்றால் அந்த மாதங்களின் சர்வீஸ், இன்சூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரியை ஷோரூமில் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும். டீலரிடம் வாங்கினால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி அவர் ஆர்டிஓ அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேட்கலாம். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தலைவலிதான்.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்வது நியாயமாக இருக்காது. ஒழுங்காகப் பராமரித்த பழைய ஃபார்ச்சூனர் இன்னும் பல வருஷம் உழைக்கும். கூட்டுக் குடும்பம், மாதம் ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டம், தோட்டத்து மண் ரோடு, அடிக்கடி மலைப் பயணம், வீட்டில் இன்னொரு வண்டி, கையில் நம்பிக்கையான மெக்கானிக்... இவ்வளவும் இருப்பவருக்கு இது புத்திசாலித்தனமான முடிவுதான். புது வண்டியின் முதல் ஐந்து வருஷ விலைச் சரிவை வேறு யாரோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியது வேறொருவருக்கு. சம்பளம் 60,000, அதில் வீட்டு லோன், மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டம், பெரும்பாலும் தனியாக, வீட்டில் இது ஒன்றுதான் வண்டி. வண்டி விலைக்கே முழுச் சேமிப்பையும் போட்டு, மீதிக்குப் பழைய வண்டிக் கடன். அந்தக் கடனுக்கு வட்டி, புது வண்டிக் கடனைவிட அதிகம். இப்படி வாங்கியவர் முதல் பெரிய பில் வரும்போது பர்சனல் லோனுக்குப் போகிறார், அல்லது ரிப்பேரைத் தள்ளிப்போடுகிறார். இரண்டுமே தப்பான வழி. கடைசியில் ஒன்றரை வருஷத்தில் நஷ்டத்துக்கு விற்கிறார். அந்த வண்டி, தள்ளிப்போட்ட எல்லா ரிப்பேரோடும், அடுத்த ஆசைக்காரரிடம் போகிறது. மார்க்கெட்டில் 'நாலாவது ஓனர்' வண்டிகள் பல இப்படி உருவானவைதான்.

"டொயோட்டா இன்ஜின் சாகாதுங்க" என்பதும் பாதி உண்மைதான். ஆயில் மாற்றினால் சாகாது. முந்தைய மூன்று ஓனர்களும் மாற்றினார்களா என்பதற்குப் பதில் லோகோவில் இருக்காது, சர்வீஸ் ரெக்கார்டில்தான் இருக்கும்.

எளிமையான கணக்கு ஒன்று போதும். கையில் இருக்கும் மொத்த பட்ஜெட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது. 12 லட்சம் இருந்தால் 8 லட்சத்துக்குள் வண்டி, மீதி 4 லட்சம் பேங்கில் தனியாக. அதைத் தொடாமல் முதல் வருஷம் ஓடிவிட்டால் சந்தோஷம். தொட வேண்டி வந்தால், அதற்காகத்தான் வைத்தது. 8 லட்சத்துக்கு நல்ல ஃபார்ச்சூனர் கிடைக்கவில்லையா? அப்படியானால் அந்த பட்ஜெட்டுக்கு ஃபார்ச்சூனர் இல்லை என்று அர்த்தம். ஐந்து வயதுள்ள சின்ன எஸ்யூவி ஒன்றைப் பார்க்கலாம். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

மெக்கானிக்கைக் கூட்டிப்போய் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகம் பார்க்க, ஸ்கேனர் போட, நாசில் டெஸ்ட் எடுக்க எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்கத் தேவையில்லை. யானையைக் கட்டித் தீனி போட முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். முடியாது என்றால், தூரத்தில் நின்று ரசிப்பதில் தப்பே இல்லை.